செட்டிநாட்டுச் சாலையில் ஒரு பைக் சண்டைப் பந்தயம்: முதல் வீடியோ கேமைச் செய்யப் புறப்படுவோருக்கு

ஓடும் பைக்கில் இருந்தபடியே பக்கத்தில் வருபவனை அடித்து வீழ்த்தி முந்திச் செல்லும் பந்தய விளையாட்டு, வீடியோ கேம் உலகில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. 1991 இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் செகா கருவிக்காக வெளியிட்ட ‘ரோட் ராஷ்’ இந்த வகைக்கு வடிவம் கொடுத்தது. 1996 இல் வந்த அதன் கணினிப் பதிப்பு நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது. அதன் வழியில் 2017 இல் ‘ரோட் ரிடெம்ப்ஷன்’ வந்தது. 2018 இல் வந்த ‘ஸ்டீல் ராட்ஸ்’ 1940களின் அமெரிக்காவைக் கற்பனை இயந்திரங்களால் நிரப்பி, அன்றைய மனிதர் கண்ட எதிர்காலக் கனவுக்குள் பைக்கை ஓட வைத்தது.

இந்த வகையில் ஒரு சிறிய விளையாட்டைச் செட்டிநாட்டையே களமாகக் கொண்டு உருவாக்குவது எப்படி என்பதை, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு சாதாரணக் கணினியுடன் தொடங்கும் மாணவருக்கு விளங்கும்படி இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நிரல் எழுதுவதில் மாறி, நிபந்தனை, சுழற்சி ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் போதும். மற்றவற்றைச் செய்துகொண்டே கற்கலாம். தொடக்கத்திலேயே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இந்த வகையில் சண்டையும் பந்தயமும் இரண்டு தனி விளையாட்டுகளாகப் பிரிந்துவிட்டால் இரண்டுமே சலித்துவிடும். ஒவ்வோர் அடியும் சாலையில் ஓட்டியின் இடத்தையும் வேகத்தையும் மாற்ற வேண்டும். வீழ்த்துகிற வேலையைச் சாலையே செய்ய வேண்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தவை.

முதல் படி: உலகத்தைத் தீர்மானித்தல்

பழைய எதிர்காலம், அதாவது அக்காலத்து மனிதர் கனவு கண்ட எதிர்காலம், என்றதும் ஊதா நிற நியான் விளக்குகளையும் மழை பெய்யும் பெருநகரத்தையும் வரைந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. செட்டிநாட்டில் இருப்பவருக்கு அந்தக் கடன் தேவையில்லை. இங்குள்ள மாளிகைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. அவற்றுள் பிற்காலத்தவை பலவற்றின் முகப்புகளில் ஆர்ட் டெகோ பாணி தெளிவாகத் தெரியும். வளைந்த மூலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடைக்கோடுகள், வானை நோக்கிப் படிப்படியாகக் குறுகும் உச்சி ஆகியவை அந்தக் காலத்து உலகம் வேகத்தையும் நவீனத்தையும் கட்டடத்தில் காட்டிய விதம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் தெருக்களில் ஒரு மாலை நடந்தாலே உங்கள் விளையாட்டின் நகரம் பாதி வரையப்பட்டுவிடும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை என்பதையும் நினைவில் வையுங்கள். வீடுகள் தனியாருடையவை; உள்ளே படம் எடுப்பதென்றால் வீட்டாரிடம் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே எடுக்க வேண்டும்.

இயந்திரக் கனவுக்கும் நம் ஊரிலேயே வேர் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் அளித்து, 1948 இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இன்றும் மின்கலங்களை ஆராய்ந்து வருகிறது. அதிலிருந்து ஒரு கற்பனையைத் தொடங்கலாம்: ஐம்பதுகளிலேயே இங்கே ஒரு வலிமையான மின்கலம் உருவாகி, பெட்ரோல் வண்டிகள் பரவும் முன்பே செட்டிநாட்டுச் சாலைகள் முழுவதும் மின்சாரப் பைக்குகள் ஓடத் தொடங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? வண்டியின் உருவத்துக்கு அக்காலத்துப் பைக்குகளின் வட்ட விளக்கையும் கண்ணீர்த்துளி வடிவ டேங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் என்ஃபீல்டு புல்லட் 1955 இல் வந்தது என்பதால் காலமும் பொருந்துகிறது. டேங்க் இருந்த இடத்தில் செம்பு உறையிட்ட மின்கலம் ஒளிரட்டும்.

இந்தக் கற்பனை அலங்காரமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. வண்டி ஓடுவதும் ஆயுதம் பாய்வதும் அதே மின்கலத்திலிருந்துதான் என்று விதி வைத்துவிடுங்கள். மின்கலத்தின் கொள்ளளவு 100 என்று கொள்வோம். முழு வேகத்தில் வினாடிக்கு 0.3 செலவானால், 200 வினாடிப் பந்தயத்துக்கு 60 போய்விடும். மீதமுள்ள 40 இல், மின்சாரம் பாயும் கம்பான மின்கம்பால் ஓங்கி அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் 4 என்றால் பத்து அடிகள்தான். பிரேக் பிடித்தால் சிறிதளவு திரும்ப ஏறலாம். இப்போது ஆட்டக்காரர் கம்பை ஓங்கும் ஒவ்வொரு முறையும், கடைசி ஒரு கிலோமீட்டரில் தனக்கு வேகம் மிஞ்சுமா என்று எண்ணிப் பார்த்தே ஓங்குவார்.

இரண்டாம் படி: கருவி

கோடோ என்னும் விளையாட்டு என்ஜினை, அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருளை, பரிந்துரைக்கிறேன். இலவசமானது, 2014 இல் எம்ஐடி உரிமத்தின் கீழ்த் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது, உங்கள் விளையாட்டு விற்றாலும் அதை உருவாக்கியவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. அதன் நான்காம் பதிப்பைப் பதிவிறக்கினால், நிறுவும் வேலை எதுவும் இல்லாமல் அப்படியே திறந்து பயன்படுத்தலாம். ஜிடிஸ்கிரிப்ட் என்னும் அதன் மொழி பைத்தானைப் போன்றது.

புதிய திட்டத்தைத் திறந்ததும் திரையின் அளவை 480 × 270 பிக்சல் என்று அமைத்து, அதை முழுத்திரைக்குப் பெரிதாக்கும்படி சொல்லிவிடுங்கள். சரியாக நான்கு மடங்காக்கினால் 1920 × 1080 வந்துவிடும் என்பதால் பிக்சல்கள் சிதையாது. படங்களை மென்மையாக்கும் வடிகட்டியை ‘நியரெஸ்ட்’ என்று மாற்றுங்கள். ஓவியம் வரைய லிப்ரேஸ்பிரைட், கிரிட்டா போன்ற இலவச மென்பொருள்கள் போதும்.

மூன்றாம் படி: சாலை

முழு முப்பரிமாணத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செகாவின் யு சுசுகி 1985 இல் ‘ஹேங் ஆன்’ என்ற பைக் பந்தயத்தையும், மறு ஆண்டு ‘அவுட் ரன்’ என்ற கார் பந்தயத்தையும் செய்தபோது, தட்டையான படங்களைத் தூரத்துக்கு ஏற்பச் சுருக்கியும் பெரிதாக்கியும் ஆழத்தைத் தோற்றுவித்தார். அந்த முறை இன்றும் புதியவருக்கு மிகவும் ஏற்றது. பழைய எதிர்காலத் தோற்றத்துக்கும் இயல்பாகவே பொருந்துகிறது. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. இந்த முறையில் சாலையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும், அது பைக்கானாலும் பேருந்தானாலும் மின்கம்பமானாலும், இரண்டே எண்கள்தான் முகவரி: தொடக்கக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்ற தூரம், சாலையின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்ற விலகல். சண்டை, மோதல், முந்துதல் எல்லாம் இந்த இரண்டு எண்களைக் கழித்துப் பார்க்கும் கணக்காகச் சுருங்கிவிடும்.

சாலையை மூன்று மீட்டர் நீளமுள்ள துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வளைவு, உயரம் என்று இரண்டு மதிப்புகளை ஒரு பட்டியலில் சேமியுங்கள். ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்திலும், கேமராவுக்கு முன்னால் உள்ள நூறு துண்டுகளை, அதாவது 300 மீட்டரை, திரையில் வரைய வேண்டும். வரையும் சூத்திரம் எளியது: திரையில் பொருளின் அளவு என்பது அதன் உண்மை அளவை ஒரு மாறிலியால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. 480 பிக்சல் அகலத் திரைக்கு 90 பாகைப் பார்வைக் கோணம் வைத்தால் அந்த மாறிலி 240. ஏழு மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை, பத்து மீட்டர் தொலைவில் 168 பிக்சல் அகலமாகவும், நூறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 பிக்சலாகவும் தெரியும். கேமராவைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்தால், பத்து மீட்டர் தொலைவில் உள்ள தரை தொடுவானத்திலிருந்து 48 பிக்சல் கீழே விழும். உங்கள் பைக்கைக் கேமராவிலிருந்து ஐந்து மீட்டர் முன்னால் நிறுத்துங்கள்; ஓட்டியோடு சேர்ந்து 1.6 மீட்டர் உயரமுள்ள உருவம் ஏறத்தாழ 77 பிக்சலாக வரும். அந்த அளவுக்கே ஓவியத்தை வரைந்தால், திரும்பத் திரும்ப அளவு மாற்றும் வேலை மிச்சமாகும்.

வளைவுக்கு, அருகிலிருந்து தொலைவுக்குப் போகும்போது ஒவ்வொரு துண்டின் வளைவு மதிப்பையும் கூட்டிக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுத்தொகையையும் மீண்டும் கூட்டி, துண்டை அவ்வளவு தூரம் பக்கவாட்டில் தள்ளி வரையுங்கள். இருமுறை கூட்டுவதால்தான் சாலை ஒடியாமல் வில்லைப் போல வளையும். மேடு வரும்போது, இதுவரை வரைந்ததில் திரையின் மிக உயரமான வரி எது என்பதை நினைவில் வைத்து, அதற்குக் கீழே விழும் துண்டுகளை விட்டுவிட வேண்டும். மேட்டுக்குப் பின்னால் உள்ள சாலை தானாகவே மறைந்துவிடும். துண்டுகளுக்கு மூன்று மூன்றாக வெளிர், அடர் என்று நிறம் மாற்றினால் வேகம் கண்ணுக்குத் தெரியும். பட்டைகளை மிகவும் குறுக்கிவிடாதீர்கள்: ஒரு வெளிர் பட்டையும் ஓர் அடர் பட்டையும் சேர்ந்த நீளம், ஒரு பிரேமில் வண்டி கடக்கும் தூரத்தின் இரு மடங்குக்குக் குறைந்தால் சாலை பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றும்.

பாதைக்கு உண்மையான சாலை ஒன்றை எடுத்துச் சுருக்குங்கள். வினாடிக்குச் சராசரி 35 மீட்டர் வேகத்தில் 200 வினாடிக்கு 7 கிலோமீட்டர் போதும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் செல்லும் பக்கம் ஒரு நல்ல மாதிரி. குன்றின் மேலுள்ள முருகன் கோயில் தொலைவிலேயே தெரிவதால், பந்தயத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை எண் எதுவும் காட்டாமலே ஆட்டக்காரர் உணர்வார். டவுன் பஸ்ஸின் முன் இருக்கையில் அமர்ந்து ஒருமுறை போய் வந்து, எங்கே புளியமரம், எங்கே பொட்டல், எங்கே கடைவீதி என்று குறித்து வாருங்கள்.

இந்த நிலம் பெரும்பாலும் சமதளம் என்பதால் மேடு பள்ளத்தை நம்பிப் பாதையைச் சுவையாக்க முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு இடங்களை இந்த நிலமே தருகிறது. ஒன்று கண்மாய்க் கரை. குறுகிய சாலை, ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். இங்கே சாலையின் அகலத்தை ஏழு மீட்டரிலிருந்து நான்காகக் குறைத்துவிட்டால், மற்ற இடத்தில் பயனற்றுப் போகும் ஒரு சாதாரண உதை இங்கே பந்தயத்தையே முடித்துவிடும். ஆட்டக்காரர்கள் தங்கள் மின்கலத்தை இந்தக் கரைக்காகவே சேமித்து வைப்பார்கள்.

இன்னொன்று மாளிகை. செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுபவை. முன்வாசலில் நின்றால் வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகும். தொண்ணூறு மீட்டர் நீளமுள்ள ஒரு கற்பனை மாளிகையைக் குறுக்குவழியாக வையுங்கள். வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் மூன்றே வினாடி: திண்ணையின் நிழல், வளவின் வெயில், மீண்டும் நிழல், மீண்டும் வெயில் என்று ஒளி மாறிமாறி அடிக்கும். இருபுறமும் தேக்குத் தூண்கள். தரையில் ஆத்தங்குடிக் கற்களின் பூக்கோலம் வேகத்தில் கோடுகளாக நீளும். சாலைத் துண்டுகளுக்கு நிறம் மாற்றும் அதே நிரலே இந்தத் தரையையும் வரைந்துவிடும். வாசலின் அகலம் இரண்டு மீட்டர்தான் என்பதால் உள்ளே நுழையும்போது பக்கத்தில் ஒருவன் வந்தால் இருவரில் ஒருவர்தான் நுழைய முடியும். இந்த வீடு பாழடைந்ததாகவும் கற்பனைப் பெயருடையதாகவும் இருக்கட்டும். ஒரு குடும்பம் இன்றும் விளக்கேற்றும் வீட்டை அடையாளம் தெரியும்படி வரைந்து அதற்குள் வண்டி ஓட்டுவது தகாது. கோயில் வளாகத்தையும் சண்டைக் களமாக்காமல் தொலைவில் தெரியும் அடையாளமாக மட்டும் வையுங்கள்.

நான்காம் படி: வண்டி

கோடோவில் இயற்பியல் கணக்கு இயல்பாக வினாடிக்கு 60 டிக் (கணக்கின் ஒவ்வொரு சுற்றும் ஒரு டிக்) வீதம் ஓடும். வண்டியின் நகர்வை அதில்தான் எழுத வேண்டும். முடுக்கத்துக்கு, ஓர் அடிப்படை எண்ணை எடுத்து, உச்ச வேகத்தை நெருங்க நெருங்க அதைக் குறையச் செய்யுங்கள். அடிப்படை முடுக்கம் 12, உச்ச வேகம் வினாடிக்கு 44 மீட்டர் என்று வைத்தால், வினாடிக்கு 40 மீட்டரை, அதாவது மணிக்கு 144 கிலோமீட்டரை, ஏறத்தாழ ஒன்பது வினாடியில் தொடும். விழுந்தவர் மீண்டும் வேகம் பிடிக்க ஆகும் காலமும் அதுவே என்பதால் இந்த எண்ணைப் பொறுப்போடு தேர்ந்தெடுங்கள்.

திசை திருப்பும் பொத்தானை அழுத்தியதும் விலகல் உடனே மாறாமல், முதலில் சாய்வு மாறி, சாய்வுக்கு ஏற்ப விலகல் மாற வேண்டும். பைக் என்பது சாய்ந்து திரும்பும் வண்டி. இந்தச் சிறு தாமதம் இல்லாவிட்டால் அது திரையில் வழுக்கும் காராகவே தோன்றும். வளைவில் வெளிப்பக்கம் இழுக்கும் விசை வேகத்தோடு கூட வேண்டும். நேராக நிற்பது முதல் முழுச் சாய்வு வரை நான்கு ஓவியங்கள் வரைந்து இடவலமாகப் புரட்டினால் ஏழு நிலைகள் கிடைத்துவிடும். சாலையை விட்டுச் செம்மண்ணில் இறங்கினால் வேகம் வினாடிக்கு 15 மீட்டருக்கு விரைவாகக் குறையட்டும்.

ஐந்தாம் படி: அடி

இந்த விளையாட்டு எழுவதும் விழுவதும் இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். எதிராளி உங்களுக்கு முன்னோ பின்னோ 1.5 மீட்டருக்குள்ளும், பக்கவாட்டில் 1.5 மீட்டருக்குள்ளும் இருந்தால் அடி படும் என்று வைப்போம். ஆக, அடிபடும் சாளரத்தின் நீளம் மூன்று மீட்டர். அவர் உங்களைவிட வினாடிக்குப் பத்து மீட்டர் வேகமாகப் போனால் அந்தச் சாளரத்தை 0.3 வினாடியில் கடந்துவிடுவார். கண் பார்த்துக் கை செயல்படவே ஏறத்தாழ கால் வினாடி ஆகும் என்பதால், அவரை அடிப்பது வெறும் தற்செயலாகிவிடும். வேக வேறுபாடு இரண்டு மீட்டராகக் குறைந்தால் 1.5 வினாடி கிடைக்கும். அதற்குள் எண்ணிப் பார்க்கலாம், ஏமாற்றலாம், பதிலடி கொடுக்கலாம். ஆகவே எதிராளி உங்களிடமிருந்து எட்டு மீட்டருக்குள் வந்ததும், அவருடைய வேகம் உங்கள் வேகத்தை நோக்கி மெல்ல இழுக்கப்பட வேண்டும். ஆட்டக்காரர் இதைக் கவனிக்கவே மாட்டார். துணிந்தவன் வம்புக்கு வருகிறான் என்றே உணர்வார்.

ஒவ்வோர் அடிக்கும் மூன்று கட்டங்கள்: ஓங்குதல், படுதல், மீளுதல். குத்துக்கு 6, 4, 12 டிக் என்று தொடங்கலாம். கம்புக்கு ஓங்கும் நேரம் இரு மடங்கு இருக்கட்டும். ஓங்கும்போது திசை திருப்பும் ஆற்றலைப் பாதியாக்குங்கள். வளைவில் கம்பை ஓங்குபவர் தாமே சாலையை விட்டுப் போகும் ஆபத்து வந்துவிடும். எதிராளி ஓங்கியிருக்கும் அந்தச் சில டிக்குகளில் நீங்கள் முந்திக் குத்தினால் அவருடைய ஆயுதம் உங்கள் கைக்கு வந்துவிடும் என்ற விதியையும் சேருங்கள். முதல் ரோட் ராஷிலேயே இருந்த இந்த விதி, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த வகையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன்.

அடியின் விளைவுக்கு, மிஞ்சிய உயிரைக் காட்டும் உயிர்க்கோடு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். உதை பட்டால் எதிராளிக்குப் பக்கவாட்டில் வினாடிக்கு நான்கு மீட்டர் வேகம் கொடுத்து, அதை அரை வினாடியில் சீராகப் பூஜ்யமாக்குங்கள். அவர் ஒரு மீட்டர் தள்ளப்படுவார். தன் பாதையின் நடுவில், சாலை விளிம்பிலிருந்து 1.75 மீட்டரில் போய்க்கொண்டிருப்பவரை ஓர் உதை எச்சரிக்கும். தொடர்ந்து விழும் இரண்டாம் உதை செம்மண்ணில் இறக்கிவிடும். உதைத்தவரும் எதிர்ப்புறம் சிறிது தள்ளப்பட வேண்டும். எனவே எங்கே நின்று உதைக்கிறோம், அப்போது எதிரே என்ன வருகிறது என்பவை உதையின் வலிமையைவிட முக்கியமாகிவிடும்.

ஆயுதங்களுக்கும் இந்த மண்ணிலேயே குறையில்லை. மின்கம்பாக மாறும் சிலம்பக் கம்பு பக்கவாட்டு வீச்சுக்கு நீளம் தரும். சிவகங்கைச் சீமையின் வரலாற்றோடு பிணைந்த வளரி எறியும் ஆயுதம். முன்னால் நாற்பது மீட்டரில் போகிறவனை எட்டும், ஆனால் பந்தயத்துக்கு இரண்டுதான் என்று வையுங்கள். முதல் விளையாட்டுக்குக் குத்து, உதை, மின்கம்பு, வளரி என்ற நான்கே போதும். ஐந்தாவதைச் சேர்க்கத் தோன்றினால், அந்த நேரத்தை இந்த நான்கின் ஒலிக்கும் அசைவுக்கும் கொடுங்கள். அடி படும் கணத்தில் விளையாட்டு முழுவதையும் மூன்று டிக் உறைய வைத்துப் பிறகு ஓட விடுங்கள். மூன்றே டிக்தான், அடிக்கு எடை வந்துவிடும்.

ஆறாம் படி: எதிராளிகளும் போக்குவரத்தும்

எட்டு எதிராளிகள் போதும். ஒவ்வொருவரும் ஓட்டுதல், நெருங்குதல், தாக்குதல், விலகுதல் என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருப்பார்கள். எதிலிருந்து எதற்கு எப்போது மாறுவது என்பதை ஒருவருக்கொருவர் வேறுபடும் எண்களால் தீர்மானித்தால் குணம் பிறந்துவிடும். ஒருவன் உங்களைக் கண்டதும் நெருங்குவான். ஒருத்தி கண்மாய்க் கரையில் மட்டும் தாக்குவாள். இன்னொருவன் அடித்தவனை மட்டும் நினைவில் வைத்துத் திருப்பி அடிப்பான். யாருக்கும் சாதிப் பெயரோ ஊர்ப் பகையை நினைவூட்டும் பெயரோ வேண்டாம். பின்தங்கியவரை இழுத்துப் பிடிக்க எதிராளிகளின் வேகத்தை மாற்றுவதாக இருந்தால் எட்டு விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால், நன்றாக ஓட்டியதற்குப் பலனில்லை என்று ஆட்டக்காரர் கண்டுகொள்வார்.

போக்குவரத்து நம் நாட்டில் இடப்பக்கம். அமெரிக்க விளையாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மாற்ற மறந்துவிடுவதுண்டு. எதிரே வரும் பேருந்தின் வேகம் வினாடிக்கு 15 மீட்டர், உங்கள் வேகம் 40 மீட்டர் என்றால், இடைவெளி வினாடிக்கு 55 மீட்டர் சுருங்கும். 2.5 மீட்டர் அகலப் பேருந்து 300 மீட்டரில் இரண்டே பிக்சல். 60 மீட்டரில்தான் பத்துப் பிக்சலாகிக் கண்ணுக்குப் புலப்படும். அங்கிருந்து மோதலுக்கு 1.1 வினாடிதான். எனவே கண்ணுக்கு முன் காதுக்குச் செய்தி போக வேண்டும்: பேருந்து 200 மீட்டரில் இருக்கும்போதே அதன் ஏர் ஹாரன் ஒலிக்கட்டும், முகப்பு விளக்கு மின்னட்டும். ஆட்டுமந்தை குறுக்கே வந்தால், முன்னதாக மேய்ப்பவரின் குரல் கேட்கட்டும். சிறாவயல் மஞ்சுவிரட்டை நினைவூட்டும் வகையில் ஒரு காளை சாலையில் பாய்ந்து வருவதாக வைத்தால், அதை அடிக்க முடியாததாகவும் விலகிப் போக வேண்டியதாகவும் மட்டும் வையுங்கள்.

மோதலைக் கணக்கிடும்போது ஒரு பொறி உண்டு. வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு டிக்கில் 0.67 மீட்டர் தாவும். 0.3 மீட்டர் தடிமனுள்ள மின்கம்பம் இரண்டு டிக்குகளுக்கு நடுவில் விழுந்துவிட்டால் வண்டி அதனூடே புகுந்து போய்விடும். ஆகவே இப்போதைய தூரத்தை மட்டும் பார்க்காமல், முந்தைய டிக்கின் தூரத்துக்கும் இப்போதைய தூரத்துக்கும் இடையில் கம்பம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: விழுதலும் எழுதலும்

விழுந்தவரை ஒரு கருப்புத் திரையைக் காட்டி மீண்டும் வண்டியில் உட்கார வைத்துவிடாதீர்கள். ரோட் ராஷில் ஓட்டி எழுந்து தன் பைக்கை நோக்கி ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின்போது மற்றவர்கள் கடந்து போவதைப் பார்க்கும் தவிப்பே தண்டனை. வண்டி இருபது மீட்டர் தள்ளி விழுந்து, ஓட்டி வினாடிக்கு ஆறு மீட்டர் ஓடினால், எழுவதும் ஏறுவதும் சேர்த்து ஆறு வினாடி ஆகும். அதற்குள் முன்னால் இருப்பவர் 230 மீட்டர் போயிருப்பார். இந்தப் பந்தய அளவுக்கு அது மீட்டெடுக்கக்கூடிய இழப்பு. இரத்தம் காட்ட வேண்டியதில்லை. செம்மண் புழுதியும் தெறிக்கும் மின்பொறியும் போதும்.

எட்டாம் படி: நிறமும் ஒலியும்

பத்துப் பதினாறு நிறங்களுக்குள் நிற்பது நல்லது. சுண்ணாம்புச் சுவரின் பால்வெள்ளை, செம்புறாங்கல்லின் சிவப்பு, தேக்கின் பழுப்பு, வண்ணக் கண்ணாடிச் சன்னலின் பச்சையும் நீலமும், அந்தி வானத்தின் மஞ்சள் என்று தொடங்குங்கள். எதிர்காலத்தைக் காட்டும் ஒளிக்கு ஒரே ஒரு நிறத்தை ஒதுக்கி, மின்கலத்திலும் ஆயுதத்திலும் மட்டும் அதைப் பயன்படுத்தினால், எவரிடம் எவ்வளவு மின்சாரம் மிஞ்சியிருக்கிறது என்பதையும் அந்த ஒளியின் வலிமையே சொல்லிவிடும்.

மின்சார வண்டிக்கு உறுமல் கிடையாது. மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலியை ஒரு சிறு சுழற்சியாகப் பதிவு செய்து, வேகத்துக்கு ஏற்ப அதன் சுருதியை ஏற்றி இறக்குங்கள். கோடோவின் ஒலிப்பானில் இதற்கென்றே ஓர் எண் இருக்கிறது. இசைக்கு நாதசுரமும் தவிலும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருப்பார். அவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, உரிய ஊதியமும் விளையாட்டின் இறுதியில் பெயரும் கொடுங்கள். இணையத்தில் எடுக்கும் எந்த ஒலிக்கும் படத்துக்கும் உரிமம் என்ன என்பதை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

ஒன்பதாம் படி: சோதித்தலும் வெளியிடலும்

சாலை, ஒரு பைக், ஓர் எதிராளி, ஓர் உதை என்ற நிலையிலேயே, ஓவியம் எதுவும் இல்லாமல் வெறும் கட்டங்களாக இருக்கும்போதே, மற்றவரிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். அவர் விளையாடும்போது விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்து மூன்றை மட்டும் குறியுங்கள்: எத்தனை முறை அடித்தார், அதில் எத்தனை பட்டன, விழுந்தபோது காரணம் எதிராளியா போக்குவரத்தா தன் சொந்த வேகமா. பட்டவை மூன்றில் ஒன்றுக்கும் குறைவு என்றால் வேகத்தை இழுக்கும் எண்ணைக் கூட்டுங்கள். ஒருவரும் சாலையை விட்டுத் தள்ளப்பட்டு விழவில்லை என்றால், உதையின் தள்ளும் தூரத்தையோ சாலையின் அகலத்தையோ மாற்றுங்கள்.

முடிந்ததும் கோடோவின் வலைப் பதிப்பாக ஏற்றுமதி செய்து இட்ச்.ஐஓ தளத்தில் இலவசமாக வெளியிடலாம். உலாவியிலேயே விளையாட முடியும் என்பதால் பதிவிறக்கத் தயங்குபவர்களும் ஆடிப் பார்ப்பார்கள். ஆண்ட்ராய்டு பதிப்பை அதற்குப் பிறகு செய்யுங்கள்: தொடுதிரையில் இடக்கை திசைக்கும் வலக்கை அடிக்கும் என்று பிரித்து, முடுக்கத்தைத் தானியங்கியாக்கிவிட வேண்டும். பட்டியல்களிலும் அறிவிப்புகளிலும் தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிய, தமிழ் வடிவம் உள்ள ஓர் எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்து, கொம்பும் காலும் சேர்ந்து வரும் ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளை ஒவ்வொரு பதிப்பிலும் ஒருமுறை திறந்து சரிபாருங்கள்.